தாள்மேல் தைக்கும் குவில்ட் கட்டம்: கால் அங்குலம் தப்பாமல் வர

குவில்ட் என்பது துணித் துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் போர்வை. அந்தக் கட்டத்தை, தாளில் அச்சிட்ட கோட்டின் மேலேயே தைப்பதால், நட்சத்திரத்தின் கூர்முனைகூடப் பிசகாது. குழப்பமெல்லாம் அடுத்த துண்டை எங்கே வைப்பது என்பதில்தான், ஏனென்றால் துணி தாளுக்கு அடியில் மறைந்திருக்கும். ஒரு தடித்த அஞ்சலட்டையும் கால் அங்குல ரூலரும் இருந்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்க வடிவங்கள் பெரும்பாலும் அங்கு வழங்கும் ‘லெட்டர்’ அளவுத் தாளுக்கு வரைந்தவை. சிங்கப்பூரில் நம் பிரிண்டரில் இருப்பதோ ஏ4. பக்கத்துக்குப் பொருத்தும்படி விட்டால் கட்டம் சுருங்கிவிடும். 100% அளவில் அச்செடுத்து, ஓரத்தில் உள்ள ஓர் அங்குலச் சோதனைச் சதுரத்தை அளந்து பாருங்கள். தாள் மெல்லியதாக இருக்கட்டும். சாதாரண 80 ஜிஎஸ்எம் பிரிண்டர் தாளிலும் தைக்கலாம், கிழிக்கத்தான் சிரமம்.

மெஷினில் 90/14 அளவு ஊசி, தையல் நீளம் 1.5 மி.மீ. இதைவிட நீளமாக வைத்தால் தாளைக் கிழிக்கும்போது தையல் தளரும். மிகவும் குறைத்தாலோ தாள் பாதி வேலையிலேயே பிய்ந்துபோகும், தப்பைப் பிரிக்கவும் முடியாது.

முதல் துண்டின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி, தாளின் அச்சில்லாத பக்கத்தில் க்ளூ ஸ்டிக்கால் லேசாக ஒட்டுங்கள். குண்டூசி தாளைத் தூக்கும், பசை தூக்காது. இனி தாளில் 1, 2 என்று எண்ணிட்ட பகுதிகளுக்கு நடுவிலுள்ள கோட்டில் அட்டையின் விளிம்பை வைத்து, தாளை அதன்மேல் மடியுங்கள். வெளியே நீட்டியிருக்கும் துணியை, மடிப்பிலிருந்து தையலோரமாகச் சரியாகக் கால் அங்குலம் விட்டு ரோட்டரி கட்டரால் (உருளும் வட்டக் கத்தி) வெட்டுங்கள். அடியில் விளிம்புள்ள ரூலர் என்றால் அது மடிப்பில் முட்டி நின்றுகொள்ளும். சாதாரண ரூலரில் கால் அங்குலக் கோட்டை மடிப்போடு பொருத்த வேண்டும்.

தைத்த பிறகு வெட்டுவதைவிட முன்னாலேயே வெட்டுவதுதான் மேல். வெட்டிய ஓரமே அடுத்த துண்டுக்கு அடையாளம்! இரண்டாம் துண்டின் நல்ல பக்கம் முதல் துண்டின் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி அந்த ஓரத்தோடு சேர்த்து வையுங்கள். தாளை விரித்து, கோட்டுக்கு இரண்டு மூன்று தையல் முன்னால் தொடங்கி, அதே அளவு தாண்டி முடியுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, தைத்த துண்டைத் திருப்பிப் போட்டதும் அது தன் பகுதியை முழுதும் மூடாமல் போவது. சாய்வான முக்கோணங்களில் இது சகஜம். நாலு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். தைக்குமுன் கோட்டில் ஊசி குத்தித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தையலையும் மர ரோலரால் அழுத்தினால் போதும், அடிக்கடி எழுந்து போய் அயர்ன் செய்ய வேண்டியதில்லை. அயர்ன் செய்தாலும் நீராவி வேண்டாம், தாள் சுருளும்.

லிட்டில் இந்தியாவில் வாங்கும் ரவிக்கைக் காட்டன் மெல்லியது, இந்த வேலைக்குப் பொருத்தமானது. சாயம் போகுமா என்று முதலில் அலசிப் பாருங்கள். வெளிர் துணிக்குக் கீழே கருநிறத் தையலோரம் தெரியாமல் இருக்க, அதை ஒரு நூல் அளவு குறைத்து வெட்டுங்கள்.

வெளிக்கோட்டுக்கு அப்பால் கால் அங்குலம் விட்டுக் கட்டத்தைச் சீராக்குங்கள். கட்டங்களை இணைத்த பிறகே தாளை எடுக்க வேண்டும், அதுவரை துணி இழுபடாமல் காப்பது அதுதான். தையல் வழியே மடித்துக் கிழியுங்கள். மூலையில் சிக்கியதை ட்வீசரால் எடுக்கலாம்.