சண்டை வந்ததும் ஊரையும் சாதியையும் இழுக்காதீர்கள்

மும்பையின் ஹவுசிங் சொசைட்டிகளில், அதாவது குடியிருப்போரே சங்கம் வைத்து நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், தமிழர், குஜராத்தி, பஞ்சாபி என்று எல்லோரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசியத் தொடங்கியதும், “அவர்கள் ஆட்களே இப்படித்தான்” என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. சண்டையைக் கையாள்வதில் நாம் செய்யும் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

நாடுகளின் பண்பாட்டு இயல்புகளை எண்களில் அளந்து 1980இல் வெளியிட்ட டச்சு ஆய்வாளர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட், அந்த எண்களைக் கொண்டு தனிமனிதரை எடைபோடக் கூடாது என்று அவரே எச்சரித்தார். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்வார். இன்னொருவர் மாதக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசமாட்டார். வளர்ப்பு ஒன்றுதான், சுபாவம் வேறு.

நம்மவர்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது மௌனத்தைப் பற்றித்தான். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர், சொசைட்டிக் கூட்டத்தில் மனக்குறையை மென்று விழுங்கிவிடுவார். செயலாளரோ ‘அனைவரும் சம்மதம்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். அந்த மௌனம் சம்மதமாக இருக்க வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் எதிராளியின் மானம் போகக் கூடாதே என்ற எண்ணமும் அதில் இருக்கலாம். இப்படி முகம் காக்கும் வழக்கத்தை ஸ்டெல்லா டிங்-டூமி என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். எனவே கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கேளுங்கள். அதேபோல, உரத்த குரலில் பேசுகிறவர் எல்லாரும் அவமதிக்கிறார் என்று எண்ணுவதும் தவறுதான். சில வீடுகளில் அன்பும் அதே குரலில்தான் வரும்.

நேரில் சொல்லக் கூச்சப்பட்டு மூன்றாம் மனிதரைத் தூது அனுப்பாதீர்கள். நமக்கு அது மரியாதையாகப் படலாம். மேல்வீட்டுக்காரருக்கோ, கட்டடம் முழுக்கத் தன்னைப் பற்றிப் புறம் பேசியதாகத் தோன்றும். கசிவின் படத்தை முதலிலேயே வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் மோசம். ஊரறியத் தலைகுனிய வைக்கப்பட்டவர் பழுது பார்க்க முன்வரமாட்டார், வம்புக்குத்தான் நிற்பார்.

கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வகுத்த முறையில், மோதலைக் கையாள ஐந்து வழிகள் உண்டு: போட்டியிடுதல், ஒத்துழைத்தல், பாதிப்பாதி விட்டுக்கொடுத்தல், விலகிப்போதல், பணிந்துபோதல். இவற்றில் ஒன்றை ஒருவரின் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள். அலுவலகத்தில் பணிந்துபோகிறவரே வீட்டில் பிடிவாதக்காரராக இருப்பார்.

ஒன்றை மட்டும் சுபாவக் கணக்கில் எழுதாதீர்கள். வாசல் காவலாளியை வசைபாடிவிட்டு “எனக்கு முன்கோபம்” என்று ஒருவர் சொன்னால், நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.