உங்கள் அன்பு அவருக்குப் போய்ச் சேர்கிறதா?

"இவ்வளவு செய்றேன், உனக்குத் தெரியவே இல்லையா?" என்று ஒருவர் கேட்க, "அன்பா ஒரு வார்த்தை பேசியிருக்கியா?" என்று மற்றவர் திருப்பிக் கேட்கும் சண்டையில் பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் செய்து காட்டுகிறார், இன்னொருவர் பேச்சில் எதிர்பார்க்கிறார்.

முதலில் உங்கள் துணை சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேளுங்கள், தேவை அங்கேதான் இருக்கிறது. "எப்பப் பாரு போன்தான்" என்றால் உங்கள் நேரம் வேண்டும். "எல்லாத்தையும் நானே இழுத்துப் போட்டுச் செய்றேன்" என்றால் வேலையில் பங்கு வேண்டும், அந்த நேரத்தில் பரிசு வாங்கி நீட்டினால் எரிச்சல்தான் கூடும். அப்புறம் அவர் சத்தமில்லாமல் செய்வதையும் கவனியுங்கள். நீங்கள் தூங்கிய பிறகு உங்கள் போனை சார்ஜில் போட்டு, காலையில் போட வேண்டிய மாத்திரையைக் கண்ணில் படும் இடத்தில் எடுத்து வைக்கிறவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அது அன்புதான், பார்த்தேன் என்று நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

கூப்பிட்டால் திரும்புங்கள். "இங்க வாயேன், வானத்தைப் பாரு" என்பது வானத்துக்காக மட்டும் சொன்னதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்தவர்கள், பிரிந்துபோனவர்களிடம் அது 33 சதவீதம்தான்.

பாராட்டு, சேர்ந்திருக்கும் நேரம், பரிசு, உதவி, தொடுதல் என்று அமெரிக்க மணவாழ்க்கை ஆலோசகர் கேரி சாப்மன் 1992இல் பிரித்த, அன்பு காட்டும் ஐந்து வகை இன்றும் பிரபலம். பேச்சைத் தொடங்க அது உதவும், ஆனால் "நீ இந்த வகை" என்று முத்திரை குத்தாதீர்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பும், ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் தனித்தனியாகக் கேட்டால் மக்கள் எல்லாமே முக்கியம் என்கிறார்கள் என்றுதான் காட்டுகிறது. களைத்து வந்த நாளில் அணைப்பு வேண்டியிருக்கும், இன்னொரு நாள் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

அதனால் ஊகிக்காமல் கேளுங்கள். "நான் எப்படி இருக்கணும்?" என்றால் பதில் வராது. "இந்த வாரம் நான் செஞ்சதுல எது உனக்கு இதமா இருந்துச்சு?" என்றால் வரும்.

சரி, கேட்டதை அவர் தட்டுத்தடுமாறிச் செய்யத் தொடங்கும்போது மட்டும் "நான் சொன்னதாலதானே செய்ற" என்று சொல்லிவிடாதீர்கள். பழக்கமில்லாததை உங்களுக்காகப் பழகுகிறார், மனதாரப் பெற்றுக்கொள்ளுங்கள்.