மேற்கோள் கருவி தரும் வரியை அப்படியே ஒட்டினால் வரும் தவறுகள்

'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஓர் ஆசிரியர் உங்கள் துணைநூற்பட்டியலில் இருக்கிறாரா? வேறு யாருமல்ல, உலக சுகாதார நிறுவனம்தான். பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்து முன்னால் போடுவதும், மற்றதை முதலெழுத்தாகச் சுருக்குவதும், துணைநூற்பட்டியல் வரியைத் தானாக அமைத்துத் தரும் இந்த மேற்கோள் கருவிகளின் வழக்கம். நூல், கட்டுரை விவரங்களைச் சேமித்து மேற்கோள் தரும் மென்பொருளான ஜொடேரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி அவற்றை ஒன்றாக்கிவிட்டால் நிறுவனப் பெயர் உடையாது. பிப்டெக்ஸ் (லேடெக்ஸில் எழுதுவோர் பயன்படுத்தும் மேற்கோள் விவரக் கோப்பு) என்றால் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். ஏ.பி.ஜே. அப்துல் கலாமைக் கருவி 'கலாம், ஏ. பி. ஜே. ஏ.' ஆக்கிவிடும். நூலகப் பட்டியல்களில் இருப்பது 'அப்துல் கலாம், ஏ. பி. ஜே.', ஆகவே குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'அப்துல் கலாம்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தே இருக்க வேண்டும். 'செல்வி முருகன்' என்று அச்சாகியிருந்தால் 'முருகன், எஸ்.' என்று வரும். கட்டுரை எழுதியது மகள், பட்டியலில் நிற்பது அப்பா! இதற்குப் பொதுவிதி கிடையாது. அந்த ஆசிரியரின் மற்றக் கட்டுரைகளில் தம் பழைய கட்டுரையை அவரே எப்படிக் குறிக்கிறார் என்று பாருங்கள். அதைப் பின்பற்றுவதே நியாயம்.

அடுத்த தவறு, பிடிஎஃப் கோப்பின் இணைப்பை ஒட்டுவது. கருவி அதை 'இணையப் பக்கம்' என்று எடுத்துக்கொள்ளும். இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் எதுவும் வராது. சில சமயம் கட்டுரைத் தலைப்புக்குப் பதில் யாரோ தட்டச்சு செய்த வேர்டு கோப்பின் பெயர் வந்து நிற்கும். கட்டுரையின் முதல் பக்கத்தில் 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்) இருக்கும், அதை ஒட்டுங்கள். நூலுக்கு அதன் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் போதும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலிருந்து எடுக்கும் ஆய்வேடும் இப்படித்தான் இணையப் பக்கமாகிவிடும். வகையை 'ஆய்வேடு' என மாற்றி, பல்கலைக்கழகத்தின் பெயரை நிரப்புங்கள். ஆண்டையும் பாருங்கள்: பதிவேற்றிய தேதி வேறு, ஆய்வேடு முடிந்த ஆண்டு வேறு. ஆசிரியர் இடத்தில் நெறியாளர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மேற்கோள் நடைகளில் ஒன்று ஏபிஏ, அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடை. பதிப்பு எண் இல்லாமல் 'ஏபிஏ' என்று மட்டும் போட்டிருக்கும் கருவியை நம்ப வேண்டாம். 7-ஆம் பதிப்பு 2019-இல் வந்துவிட்டது. 6-ஐ இன்னும் தருபவை உண்டு. கண்டுபிடிப்பது எளிது. பதிப்பகத்துக்கு முன்னால் ஊர்ப் பெயர் வந்தால் அது 6. எட்டுப் பேர் எழுதிய கட்டுரைக்கு ஆறு பெயர், மூன்று புள்ளி, கடைசிப் பெயர் என்று வந்தாலும் 6-தான். 7-இல் 20 பேர் வரை எல்லோர் பெயரும் வரும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் மேற்கோள் பொத்தான் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது தரும் ஏபிஏ வரியில் டிஓஐ இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஆங்கிலத் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருந்தால் ஜொடேரோவில் அதன் மேல் வலது சொடுக்கு செய்து வாக்கிய நடைக்கு மாற்றலாம். மாற்றியபின் தமிழ், இந்தியா போன்ற பெயர்களின் முதல் ஆங்கில எழுத்து சிறியதாகிவிட்டதா என்று கவனியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி கொடுத்த மேற்கோள் என்றால் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன், கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். டிஓஐ-யைத் திறந்து, வரும் தலைப்பும் ஆசிரியரும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க அரை நிமிடம் ஆகும். திறக்காத டிஓஐ மட்டுமல்ல, வேறு கட்டுரைக்குப் போகும் டிஓஐ-யும் வரும்.

கடைசியாக வேர்டு. பட்டியலில் ஒரு பிழை தெரிந்ததும் அங்கேயே கையால் திருத்துவது பலர் செய்வது. அடுத்த மேற்கோளைச் சேர்த்ததும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, திருத்தம் காணாமல் போகும். திருத்த வேண்டிய இடம் ஜொடேரோ நூலகம். திருத்திவிட்டு வேர்டில் 'புதுப்பி' கொடுத்தால் போதும். சமர்ப்பிக்கும் முன் மேற்கோள்களுக்கு ஜொடேரோவோடு உள்ள இணைப்பை நீக்கிச் சாதாரண எழுத்தாக்கச் சொன்னால், கோப்புக்கு நகல் எடுத்து அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நெறியாளர் இன்னும் இரண்டு நூல் சேர்க்கச் சொல்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.