ஒயிட் பெர்ச் கொத்துகிறது, மாட்டவில்லையா?

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கலக்கும் சோப்டாங்க், செவர்ன் போன்ற, ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) வந்துபோகும் ஆறுகளில் கோடையில் ஒயிட் பெர்ச் மீனுக்குத் தூண்டில் போட்டால் வழக்கமான தொல்லை இதுதான்: டக் டக்கென்று கொத்தும், இழுத்தால் வெறும் முள்.

எனக்குத் தீர்வு முள்ளில் கிடைத்தது. இந்த மீன் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான், வாயும் சின்னது. 2ஆம் எண் முள்ளைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதான 6ஆம் எண் போட்டேன். புழுவை நீளமாகத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். முள்ளை மூட அரை அங்குலத் துண்டு போதும். பொடி இறால் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஈயம். 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் கால் அவுன்ஸ் ஈயம் சாதாரண நீரோட்டத்துக்குச் சரி. ஓட்டம் வேகமெடுத்தால் நரம்பு வில்லாக வளையும், கொத்து கைக்கே வராது. அப்போது அரை அவுன்ஸ் கட்டி, ஈயம் தரை தொட்டதும் தொய்வைச் சுருட்டிவிட வேண்டும்.

இடம் பார்ப்பதும் ஈயத்தை வைத்தே. மெதுவாக இழுக்கும்போது கரகரவென்று உரசினால் அடியில் சிப்பித் திட்டு, அங்கேயே நில்லுங்கள். மெத்தென்று புதைந்தால் சேறு. படகுத்துறைத் தூண்களும் நல்ல இடம். ஓதம் ஏறும்போதோ வடியும்போதோதான் கடி அதிகம். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் இரையை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. பொழுது சாயும் வேளையில் மீன் கரையோர ஆழமில்லாத பக்கம் வந்தால், 1/8 அவுன்ஸ் ஸ்பின்னரை (தகடு சுழலும் செயற்கை இரை) வீசி, நரம்பை மெதுவாகச் சுற்றினாலே போதும்.