பேய் வரவேண்டிய இடத்தில் கீச்சொலி

சிங்கப்பூரில் ஒரு பள்ளி பேண்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிளாரினெட் என்ற ஊதுகுழல் சொல்லித்தருகிறேன். போன வருடம் எடுத்துக்கொண்டது, பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்-சான்ஸ் 1874இல் எழுதிய 'டான்ஸ் மகாப்ர்' இசையின் எளிய வடிவம். நள்ளிரவில் மரணம் வயலின் வாசிக்க, கல்லறையிலிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து ஆடும் என்ற பழைய பிரெஞ்சுக் கதை அது. மூலத்தில், நள்ளிரவு மணி அடிப்பதுபோல, யாழ் மாதிரியான ஹார்ப் ஒரே சுரத்தை 12 முறை மீட்டும். அப்புறம் வயலின் ஏ, ஈ ஃபிளாட் என்ற இரண்டு சுரங்களையும் சேர்த்து இழுக்கும். அந்த உரசல்தான் பயமே.

எங்களிடம் அது கிளாரினெட்டுக்கு வந்தது. கிளாரினெட்டுக்கு ஒரு படி மேலே எழுதுவார்கள் என்பதால், இசைத்தாளில் அந்த இரண்டும் பி, எஃப். நடு பி-க்குக் கிட்டத்தட்ட எல்லாத் துளைகளையும் மூடவேண்டும். கீச்சென்று கத்தியது. ஊதும் முனையில் அதிரும் மெல்லிய பட்டையான ரீடை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் ஒரு சிறுமியின் பக்கத்தில் குனிந்து விரல்களைப் பார்த்தேன். வலது மோதிர விரல் துளையின் பாதியில்தான் உட்கார்ந்திருந்தது. பாவம், அவ்வளவு சின்னக் கை.

சரி, கை வளரும்வரை காத்திருக்க முடியாது. இரண்டு சுரங்களையும் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே இறக்கினேன். பாதிப் பேர் பி, பாதிப் பேர் எஃப், மெதுவாக. கீழ் பி-க்கு அந்த மோதிர விரலே தேவையில்லை. கிளாரினெட்டின் அடிக்குரலும் இயல்பிலேயே இருட்டானது, இந்தக் கதைக்கென்றே செய்ததுபோல.

எலும்புச் சத்தத்துக்கு, கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் மென்மையான குச்சிகளை எடுத்துவிட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக் குச்சிகளைக் கொடுத்தேன். 12ஆவது மணி அடங்கி கிளாரினெட்டுகள் தொடங்கியதும், டிரம்பெட் வரிசையில் ஒரு பையன் நிஜமாகவே திரும்பிப் பார்த்தான்.