வேலூர் வெயிலில் சிக்கனக் குடித்தனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் காட்பாடியில் இருக்கும் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்றாவது மாடி, தலைக்கு மேல் நேராக மொட்டைமாடி. மதியம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தண்ணீர் கேட்டேன். பிளாஸ்டிக் கேனிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு சொம்பு கொடுத்தாள். சுவரில் ஆணியில் கணக்கு நோட்டு தொங்கியது. பால், காய், கேஸ், வாடகை என்று தேதி போட்டு முத்து முத்தாக எழுதியிருந்தாள். புரட்டிப் பார்த்தேன். பூ என்று ஒரு வரிகூட இல்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஃபேனைக்கூட நிறுத்திடறோம் பெரியம்மா" என்று பெருமையாகச் சொன்னாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்தது. அடுத்த பத்தாம் நாள் தவணையில் ஏசி வாங்கிவிட்டார்கள் என்று தங்கை போனில் சொன்னாள். எனக்கு ஆச்சரியமே இல்லை. இதே ஊர் வெயிலில் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

கணக்கு எழுதுங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள், கடனில் துணி எடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். சிக்கனத்தில் அக்கறை உள்ளவர்களே செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அவஸ்தைப்படுவதைச் சிக்கனம் என்று நினைப்பது

2012-ல் சத்துவாச்சாரியில் மேல்மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மனை வாங்க வேண்டும் என்று சீட்டு கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு ரூபாயை விடுவதற்கு மூன்று முறை யோசிப்பேன். வாடகை வீட்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று மொட்டைமாடியில் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. மண்பானை வாங்கவில்லை. ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. கண்டன்சர் போயிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். ஐம்பது ரூபாய். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அக்னி நட்சத்திரம் வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது சும்மா இல்லை. பகலெல்லாம் காய்ந்த பாறையும் கான்கிரீட்டும் ராத்திரிதான் சூட்டைக் கக்கும். பையனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நான்கு ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை. என் கணவருக்கும் எனக்கும் பேச்சு முற்றி, ஐந்தாம் நாள் காலையில் ஒருவரும் ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போய் ஏசி வாங்கினோம். ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டை 11 ஆயிரம் தள்ளி எடுத்தோம். கையில் வந்த 39 ஆயிரத்தில் ஏசி, ஸ்டெபிலைசர், தனி வயரிங் என்று 34 ஆயிரம் போனது. மனை இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? மின்வெட்டுக் காலம். சென்னையைத் தாண்டி எங்கள் பக்கமெல்லாம் பகலிலும் ராத்திரியிலும் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. ஏசி சுவரில் சும்மா தொங்கியது. கரண்ட் இருந்த கொஞ்ச நேரத்தில் எங்களைத் தூங்க வைத்தது அந்தப் பழைய ஃபேன்தான், கண்டன்சர் மாற்றிய பிறகு. இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஐம்பது ரூபாயை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உடம்புக்கு ஒரு அளவு உண்டு. சின்னச் சின்ன சுகத்தையெல்லாம் வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் அது மொத்தமாகக் கேட்கும். அப்போது நிதானமாக விலை விசாரிக்கும் மனநிலை இருக்காது. நாலு நாள் தூங்காதவர் கடையில் பேரம் பேச மாட்டார்.

காட்பாடிப் பெண்ணுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு மணி வரை நிறுத்தினால் மிச்சமாவது 0.3 யூனிட். இரண்டு மாத பில்லில் 18 யூனிட், ஏறத்தாழ நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய்க்காக இரண்டு பேர் அறுபது நாள் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த) ஃபேன் 30 வாட் அளவில்தான் இழுக்கிறது. பத்து மணி நேரம் ஓடினாலும் அறுபது நாளைக்கு 18 யூனிட். சாதாரண ஃபேனுக்கு 45. ஏசியோ, மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே போட்டாலும், ராத்திரிக்கு எட்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்.

ஏசி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, நோயாளி இருக்கிற வீட்டில் அது தேவை. அது வேண்டுமா என்று மாசி மாதத்தில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன் கீழே சொல்வதையெல்லாம் செய்து பாருங்கள்.

முதலில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு. வாடகை வீடானாலும் சரி, வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கல் சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற வைக்காதீர்கள், அது கொதிக்கும் சூட்டில் வாளி இளகிவிடும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் வடிகட்டி, சோறு வடித்த கஞ்சியோ பசையோ கலந்து, தரையைப் பெருக்கி நனைத்துவிட்டு இரண்டு பூச்சு. மழைக்குக் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். மதியம் மூன்று மணிக்கு அடிக்காத இடத்திலும் அடித்த இடத்திலும் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அப்புறம் ஜன்னல். காற்று வரட்டும் என்று நாளெல்லாம் திறந்து வைப்பார்கள். வருவது காற்றில்லை, அனல். காலை ஒன்பது மணிக்குச் சாத்தித் திரையைப் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திறங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர்க் காற்று வறண்டிருக்கும், அதனால் ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் நன்றாகக் குளிரும். மழை விட்டுப் புழுங்கும் ஆடி மாதத்தில் கட்டினால் புழுக்கம்தான் கூடும்.

மண்பானை. கசிந்து ஆவியாகித்தான் அது தண்ணீரைக் குளிர வைக்கிறது. அதனால் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், பானையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நாரால் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். சமையலறை மூலையில் வைக்காமல் காற்று வரும் வழியில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். புதுப் பானையை ஒருநாள் முழுக்க ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கழுவிய வெட்டிவேரை ஒரு சின்ன முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டுவிட்டால், வெளியே போய்விட்டு வந்து முதல் சொம்பை வாயருகே கொண்டுபோகும்போதே வாசனை வரும். ஃபிரிட்ஜ் தண்ணீருக்கு அது வராது.

சாயங்காலம் ஆறு மணிக்குத் துணி அலசிய தண்ணீரை மொட்டைமாடியில் தெளியுங்கள். முதல் தடவை தெளித்ததும் குப்பென்று சூடு எழும்பும். அரை மணி கழித்து இன்னொரு தடவை. ஒன்பது மணிக்குக் கோரைப்பாயும் ஜமுக்காளமும் விரித்தால், பத்து மணிக்கு மேல் மலைப்பக்கத்திலிருந்து காற்று இறங்கும். அந்த நேரம் ஒரு பங்கனப்பள்ளி மாம்பழத்தைக் கீற்றுப் போட்டு மூன்று பேரும் சாப்பிட்ட ராத்திரிகள்தான் என் பையனுக்கு அந்த வீட்டைப் பற்றி இன்றும் ஞாபகம் இருக்கின்றன. ஏசி எந்தச் சுவரில் இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

500 யூனிட்டைக் கவனிக்காமல் விடுவது

ஏசி இருக்கிற வீடுகளுக்கு. நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2024 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 குறைந்த விலை. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது நூறுக்கும் இரண்டு மடங்கு விலை போட்டார்கள். தாண்டிய யூனிட்டுக்கும் விலை அதிகம். கணக்கெடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, பத்து நாளுக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.

மலிவு என்று மூட்டையாக வாங்குவது

மண்டித் தெருவில் அரிசி மூட்டையாக வாங்குவது சரி. அரிசி பழசாகப் பழசாகச் சோறு உதிரியாக வரும். அதே சூட்டோடு பருப்பு, ரவை, கடலை மாவு எல்லாவற்றையும் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கட்டிக்கொண்டு வராதீர்கள். இரண்டே பேருக்கு எதற்கு? வெயில் முடிந்து முதல் மழை விழுந்ததும் வண்டு வந்துவிடும். ரவை மூன்று கிலோவைச் சலித்துச் சலித்துக் கடைசியில் கோழிக்குக் கொட்டியிருக்கிறேன்.

நல்ல காயை விலை பார்த்து ஒதுக்குவது

சந்தையில் எது குறைந்த விலையோ அதையே வாங்கினால் வாரத்துக்கு மூன்று நாள் ஒரே காய்தான். மூன்றாம் நாள் யாரும் தொட மாட்டார்கள், அன்றைக்கு ஹோட்டலில் பார்சல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வரும் நாளில் மற்ற கத்திரிக்காயைவிட விலை சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய், சும்மா கொடுப்பார்களா? அரைக் கிலோ போதும். காம்பில் முள் குத்தும், பார்த்துப் பிடியுங்கள். நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி அடுப்பைத் தணித்து வையுங்கள். விதை நாக்கில் தட்டாது, சதை வெண்ணெயாகக் குழையும். மறுநாள் காலை இட்லிக்கும் அதே குழம்பு. கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமையை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கு வீட்டில் பிரியாணி செய்வது

வாங்கிச் சாப்பிடுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் அடுப்பை மூட்டுங்கள்.

நல்லதையெல்லாம் பீரோவில் பூட்டி வைப்பது

என் மாமியார் அவருடைய ஆரணிப் பட்டுச் சேலையை நல்ல நாளுக்கு என்று வைத்திருந்தார். கட்டியது மூன்று நான்கு முறைதான் இருக்கும். மடிப்பைப் பிரித்து மாற்றி மடிக்காமலேயே பல வருஷம் இருந்ததால், சரிகை மடிந்த இடமெல்லாம் கோடு கோடாக விட்டுப்போனது. பிரித்துப் பார்த்தபோது அவர் அழவில்லை. திருப்பி மடித்து உள்ளேயே வைத்துவிட்டார். நான்தான் அழுதேன். கல்யாணத்துக்கு வந்த நல்ல பெட்ஷீட்டை இன்றைக்கே விரியுங்கள். வெள்ளி டம்ளர் இருந்தால் அதில் காபி குடியுங்கள். குடியாத்தம் லுங்கி துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகும், புதுசு புதுசாக அடுக்கி வைப்பதில் என்ன சுகம்?

பூ வாங்குவதை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். ஒரு முழம் போதும்.

கணவரிடம் சொல்லாமல் சிக்கனம் பிடிப்பது

காபித்தூளில் சிக்கரியைக் கூட்டி மிச்சம் பிடித்தேன் என்று ஒரு பெண் சொன்னார். அவர் கணவர் தினமும் இரண்டு வேளை வெளியே குடித்துக்கொண்டிருந்தார். எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று ஆளுக்கு ஒன்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அவருக்குக் காபி, எனக்குப் பூ, பையனுக்கு மாம்பழக் காலத்தில் மாம்பழம். எந்த மாதம் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அந்த மூன்றில் கை வைத்ததில்லை.

தங்கை மகளும் மாப்பிள்ளையும் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர்கள் வீட்டு ஓனர் சுண்ணாம்பு அடிக்கச் சரி என்று சொல்லிவிட்டாராம், டிரம்மும் பூசுகிற மட்டையும் நம்மிடம் வாங்கிப் போக வேண்டுமாம். போகும்போது ஒரு மண்பானையும் கொடுத்தனுப்புகிறேன். திண்ணையில் ஊறிக்கொண்டிருக்கிறது.