ஒரு கத்தரிக்காய், ஒரு எலுமிச்சை: வாட்டர்கலரில் முதல் படம்

வாட்டர்கலர் பழகத் தொடங்குகிறவர்கள் பலரும் முதல் நாளே சூரிய அஸ்தமனம், அருவி, தென்னந்தோப்பு என்று போய்விடுகிறார்கள், இரண்டு மூன்று படம் சேறாகிப் போனதும் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் படத்துக்கு வீட்டுக் காய்கறிக் கூடையே போதும். பளபளப்பான ஊதாக் கத்தரிக்காய் ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு எலுமிச்சை. மரமோ பூவோ எதை வரையப் போனாலும் தேவைப்படுகிற விஷயங்கள், அதாவது ஒளி, நிழல், ஈரம், காத்திருப்பு, இந்த இரண்டிலேயே கிடைத்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பது கூடுதல் வசதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். ஆயில், அக்ரிலிக்கில் கடைசியாக வெள்ளையை எடுத்து ஒளியை வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒளி எங்கே வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், அதுவும் தொடக்கத்திலிருந்தே. கத்தரிக்காயின் முதுகில் மின்னும் அந்தச் சின்ன வெள்ளைத் திட்டு போய்விட்டால் காயே போன மாதிரி.

என்னென்ன வேண்டும்

பேப்பரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள தாள்) என்று கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூட ட்ராயிங் நோட்டில் தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாக எழும்பும், குழிகளில் கலர் தேங்கும், தப்பு உங்கள் கையில் என்று நினைத்துக்கொள்வீர்கள். நூறு சதவீதம் காட்டன் பேப்பர் விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தைச் சீராக நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஒரு பெரிய தாளை வாங்கி நான்காகவோ எட்டாகவோ வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும்.

ட்யூபில் நான்கே நிறம்: லெமன் எல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). பெட்டியில் இருக்கும் கறுப்பை இந்தப் படம் முடியும்வரை தொட வேண்டாம். ரவுண்ட் பிரஷ் 8 அல்லது 10 நம்பர் ஒன்று, நுனி கூராகச் சேர வேண்டும். சின்ன வேலைக்கு 4 நம்பர் ஒன்று. கலர் கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் (ஒன்று பிரஷ் அலச, இன்னொன்று சுத்தமாகவே இருக்க), பழைய பருத்தித் துணி, மாஸ்கிங் டேப், ஒரு அட்டை.

வைப்பதும் பார்ப்பதும்

ஜன்னல் ஓரமாக ஒரு பழைய வெள்ளை வேட்டியை மடித்து விரித்து அதன்மேல் காயையும் பழத்தையும் வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால்தான் நிழலும் ஒரே பக்கம் விழும், இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு நிழல் விழுந்து குழப்பும். எலுமிச்சை கத்தரிக்காயை லேசாக மறைக்கிற மாதிரி முன்னால் இருக்கட்டும், தனித்தனியாக நிற்பதைவிட அது பார்க்க நன்றாக இருக்கும்.

இப்போது பிரஷை எடுக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று மட்டும் தெரியும். ஊதாக் காய்தானே என்று நினைத்தால், உற்றுப் பார்க்கும்போது ஜன்னல் பக்கம் நீலம் கலந்திருக்கும், நடுவில் சிவப்பேறிய ஊதா, அடியில் கிட்டத்தட்ட கறுப்பு. அந்தக் கறுப்புக்கும் கீழே, காயின் விளிம்பில், வேட்டியின் வெள்ளை பட்டுத் திரும்பி ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பென்சில்

தாளின் நாலு ஓரத்தையும் டேப் போட்டு அட்டையில் ஒட்டுங்கள். ஹெச்பி பென்சிலால், அழுத்தாமல், வெளிக்கோடு மட்டும். காம்பு, அதன் பச்சைத் தொப்பி, நிழலின் எல்லை. மறக்காமல் ஒளித் திட்டின் வடிவத்தையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். அது வட்டமாக இருக்காது, காயின் வளைவோடு நீண்டிருக்கும், பல நேரம் ஜன்னலின் வடிவமே அதில் தெரியும்.

எலுமிச்சை முதலில்

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவதுதான் இங்கே முறை. மஞ்சளை மோர் பதத்தில் கரைத்து, ஒளித் திட்டை விட்டுவிட்டுப் பழம் முழுவதும் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே நிழல் பக்கம் இன்னும் கெட்டியான மஞ்சளை விடுங்கள், அதோடு பர்ன்ட் சியன்னா ஒரு துளி. மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் பாசி படிந்த பச்சை வரும், அதனால்தான் கறுப்பு வேண்டாம் என்றேன். அப்புறம் பழத்தை முழுதாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பக்கத்தில் ஊதாவை வைத்தால் அது உள்ளே ஓடிவிடும்.

கத்தரிக்காய், முதல் பூச்சு

இதற்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். கோடையில் விசிறி ஓடினால் நீங்கள் ஒரு பக்கம் பூசி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும்.

சுத்தமான தண்ணீரால் காயின் உருவத்தை நனையுங்கள், ஒளித் திட்டை மட்டும் உலர்ந்தபடியே விட்டுவிடுங்கள். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் கலர் ஓடும், உலர்ந்த விளிம்பில் நின்றுவிடும். இப்போது தாளைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் குளம் கட்டி நின்றால் அதிகம், துணியால் ஓரத்தில் ஒற்றி எடுங்கள். குளம் இல்லாமல் ஒரே சீராகப் பளபளத்தால் அதுதான் சரியான நேரம்.

கிரிம்சனும் அல்ட்ராமரைனும் கலந்த ஊதாவை நடுவில் விடுங்கள், ஜன்னல் பக்கம் நீலம் தூக்கலாக, அடியில் கெட்டியாக. தட்டிலேயே முழுதாகக் கலக்காமல் தாளில் இரண்டும் சந்தித்துக் கலக்கட்டும், அப்போதுதான் நிறத்துக்குள் உயிர் இருக்கும். அல்ட்ராமரைன் பேப்பரின் சொரசொரப்பில் மணல் மாதிரி படியும். அது அந்த நிறத்தின் இயல்பு, தேய்த்துச் சீராக்கப் போகாதீர்கள். விட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

காத்திருப்பு

என் முதல் படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டன. பாதி காய்ந்த பூச்சில் 'இங்கே கொஞ்சம் வெளிறியிருக்கிறதே' என்று ஈரப் பிரஷை வைத்தேன், புதிய தண்ணீர் பழைய கலரை வெளியே தள்ளிக் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விழுந்தது. வாட்டர்கலர்காரர்கள் அந்தக் கறையைக் காலிஃபிளவர் என்றே சொல்கிறார்கள். தாளின் பளபளப்பு போய் மங்கலானதும், அது முழுதாகக் காயும்வரை, தொடவே கூடாது. காய்ந்ததா என்று தெரிய புறங்கையை மெல்ல வையுங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இதற்கு அரைமணி நேரம்கூட ஆகும். காய்ந்தபின் நிறம் வெளுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம், வாட்டர்கலர் எப்போதும் ஒரு படி வெளுத்துத்தான் காயும்.

இரண்டாம் பூச்சு

அல்ட்ராமரைன், கிரிம்சன், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா மூன்றையும் தயிர் பதத்தில் கலந்தால் ஆழமான, கறுப்பை ஒட்டிய நிறம் வரும். அதை நிழல் பக்கம் வையுங்கள், அடிவிளிம்பின் வெளிச்சக் கோட்டை விட்டுவிட்டு. மேல் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். உடனே பிரஷை அலசி, துணியில் ஒற்றி, ஈரம் குறைந்த அந்தப் பிரஷால் விளிம்பை ஒரு தடவை வருடினால் நிழல் வெளிச்சத்துக்குள் கரையும். ஒரே ஒரு தடவைதான். ஒளித் திட்டின் விளிம்பை மட்டும் மென்மையாக்காமல் கூராக விடுங்கள், காயின் வழவழப்பு அந்தக் கூர்மையில்தான் இருக்கிறது.

தொப்பிக்கு லெமன் எல்லோவோடு அல்ட்ராமரைன், துளி சியன்னா. பெட்டியில் இருக்கும் பச்சையைவிட இது நிஜக் காம்புக்கு நெருக்கமாக இருக்கும். தொப்பியின் முனைகள் காயைக் கவ்வும் இடத்தில் மெல்லிய இருட்டுக் கோடு, 4 நம்பர் பிரஷால்.

விழும் நிழல்

நிழலைச் சாம்பல் என்று நினைத்துப் பூசுகிறவர்கள்தான் அதிகம். அல்ட்ராமரைனும் சியன்னாவும் நீர்க்கக் கலந்து ஒரே வீச்சில் போடுங்கள். காயைத் தொடும் இடத்தில் அடர்த்தி, தள்ளிப் போகப் போக விளிம்பு மங்கல். ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சை அருகே ஒரு துளி மஞ்சள், கத்தரிக்காய் அருகே ஒரு துளி ஊதா. வேட்டியின் மடிப்புக்கு இரண்டு வெளிர் நீலக் கோடு போதும்.

இத்தோடு நிறுத்துங்கள். டேப்பைத் தாள் நன்றாகக் காய்ந்தபின் வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.

வெள்ளைத் திட்டு மூழ்கிப் போயிருந்தால், நனைத்த பிரஷால் மெல்லத் தேய்த்துத் துணியால் ஒற்றலாம், கொஞ்சம் வெளிறும். கிரிம்சன் தாளில் ஊறிவிடுகிற நிறம் என்பதால் முழு வெள்ளை திரும்பாது. வெள்ளைப் போஸ்டர் கலரால் ஒரு புள்ளி வைப்பதும் உண்டு, ஆனால் விட்டுவைத்த பேப்பரின் வெளிச்சம் அதில் கிடைப்பதில்லை.

எளிய பொருளை வரைவது எளிய வேலை என்று யாராவது சொன்னால், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503-இல் வாட்டர்கலரில் வரைந்த ஒரு பிடி புல்லைத் தேடிப் பாருங்கள். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, புல்லும் களையும் தவிர அதில் வேறு ஒன்றுமே இல்லை. நம் பக்கத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடி செடியாக வரைந்து குவித்தார்கள். கோவிந்துவின் பெயரையே ஒரு ஆர்கிட் வகைக்கு வைத்தார் வைட்.

அந்தக் காயைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் வைத்து இன்னொரு தாளில் வரையுங்கள். நாள் போகப் போக தோல் சுருங்கத் தொடங்கும், நீளமாக இருந்த ஒளித் திட்டு சுருக்கங்களின்மேல் சின்னச் சின்னக் கீற்றாக உடையும், காம்பும் பழுப்பேறும். அப்போது இன்னொரு படம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.